சில்லுகளை ஒளியால் இணைப்பது: முதன்முறை கையில் எடுப்பவருக்கு

ஒளியிழை என்றதும் பலரும் நினைப்பது வேகத்தைத்தான். ஒளியை மிஞ்சிய வேகம் எதற்கும் இல்லை, ஆகவே சில்லுகளை ஒளியால் இணைத்தால் தரவு சீக்கிரம் போய்ச் சேரும் என்று நம்புகிறார்கள். இந்தத் துறைக்குள் வருகிறவர் முதலில் கைவிட வேண்டிய எண்ணம் இது. கண்ணாடிக்குள் நுழைந்ததும் ஒளி தன் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. ஒரு மீட்டரைக் கடக்க அதற்குச் சுமார் 5 நானோ விநாடி ஆகிறது. தரமான செம்புக் கேபிளில் மின் சிக்னலுக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான்.

செம்பு தோற்பது தூரத்தில். விநாடிக்கு அனுப்பும் பிட்டுகள் கூடக் கூட, மின்னோட்டம் கம்பியின் நடுப்பகுதியை விட்டு மேற்பரப்புக்கு ஒதுங்குகிறது. கம்பியைச் சுற்றியுள்ள காப்புறையும் சிக்னலின் ஆற்றலை உறிஞ்சுகிறது. ஒரு தடத்தில் (கேபிளுக்குள் சிக்னல் ஓடும் ஒரு தனி வழியில்) விநாடிக்கு 10 கிகாபிட் ஓடிய காலத்தில் சாதாரணச் செம்புக் கேபிளை 7 மீட்டர் வரை இழுக்க முடிந்தது. இன்று ஒரு தடத்தில் 100 கிகாபிட் ஓடுகிறது. ஈதர்நெட் தரம் அதற்கு 2 மீட்டரோடு எல்லை கட்டிவிடுகிறது. ஒளி ஒரே விதமாக மட்டும் ஓடும் ஒற்றை முறை இழையிலோ, 1310 நானோமீட்டர் அலைநீள ஒளி ஒரு கிலோமீட்டர் ஓடிய பிறகும் பத்தில் ஒரு பங்குகூடக் குறைந்திருக்காது.

அப்படியானால் ஒளிக்குச் செலவே இல்லையா? இருக்கிறது, ஆனால் வழியில் இல்லை, வாசல்களில் இருக்கிறது. மின்சாரம் ஒளியாகும் இடம் ஒரு வாசல். ஒளி மறுபடி மின்சாரமாகும் இடம் இன்னொன்று. இரண்டு இழைகள் முகத்தோடு முகம் பொருந்தும் ஒவ்வொரு கனெக்டரும் ஒரு வாசல். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த வாசல்களை எண்ணுவது, குறைப்பது, சுத்தமாக வைத்திருப்பது பற்றியவையே.

முதல் படி: தூரங்களை எழுதுங்கள்

எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் அமைப்பை வரையுங்கள். எந்தச் சில்லு எந்தச் சில்லோடு பேசுகிறது, இடையில் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு கோட்டின் மேலும் எழுதுங்கள். ஒரே பலகையில் இருக்கும் இரண்டு சில்லுகளுக்கு இடையே சில சென்டிமீட்டர். கணினிப் பெட்டிகளை அடுக்கும் அலமாரியான ரேக் ஒன்றுக்குள் என்றால் ஒன்றிரண்டு மீட்டர். ரேக்குக்கு ரேக் போகும்போது நேர்கோட்டை நம்ப வேண்டாம். எதிரெதிரே 4 மீட்டரில் நிற்கும் இரண்டு ரேக்குகளுக்கு, கேபிள் மேலே ஏறி, தட்டில் ஓடி, மறுபக்கம் இறங்கிச் சேரும்போது 10 மீட்டர் ஆகிவிடும்.

2 மீட்டருக்குள் அடங்கும் கோடுகளைச் செம்புக்கு விட்டுவிடுங்கள். மின்சாரம் தேவையில்லை, விலை குறைவு, பழுதும் அரிது. அந்த எல்லையைத் தாண்டும் கோடுகளே ஒளிக்கு உரியவை. புதிதாக வருகிற பலர் எல்லாவற்றையும் ஒளியால் இணைத்துவிடத் துடிக்கிறார்கள். அந்த ஆர்வத்துக்கு என்ன விலை என்பதை அடுத்த படியில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

இரண்டாம் படி: மின்சாரக் கணக்கு

ஒரு பிட்டை அனுப்ப ஆகும் ஆற்றலைப் பிகோஜூலில், அதாவது ஜூலின் லட்சம் கோடியில் ஒரு பங்கில், சொல்வார்கள். ஒரு பிட்டுக்கு 1 பிகோஜூல் என்றால், விநாடிக்கு 1 டெராபிட் அனுப்ப 1 வாட் வேண்டும். இதை மட்டும் நினைவில் வைத்தால் எந்த விளம்பரத் தாளையும் சரிபார்த்துவிடலாம். மின்சாரத்தை ஒளியாகவும் ஒளியை மின்சாரமாகவும் மாற்ற, பெட்டியின் முகப்பில் செருகும் கருவிக்குச் செருகு மாட்யூல் என்று பெயர். 1.6 டெராபிட் செருகு மாட்யூல் ஒன்று ஏறத்தாழ 30 வாட் எடுக்கிறது. 30-ஐ 1.6-ஆல் வகுத்தால், பிட்டுக்குக் கிட்டத்தட்ட 19 பிகோஜூல்.

இப்போது ஒரு நிஜமான இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். என்விடியா 2024 மார்ச்சில் அறிவித்த ஜிபி200 என்விஎல்72 ரேக்கில் 72 ஜிபியுக்கள், அதாவது கணக்கீட்டுச் சில்லுகள், இருக்கின்றன. ஒவ்வொன்றும், ஜிபியுக்களை இணைக்க அந்நிறுவனம் வைத்திருக்கும் என்விலிங்க் வழியாக விநாடிக்கு 1.8 டெராபைட் பேசும். அது இரு திசையும் சேர்ந்த கணக்கு. ஒரு திசைக்கு 0.9 டெராபைட், அதாவது 7.2 டெராபிட். இதை 1.6 டெராபிட் மாட்யூல்களால் இணைத்தால் ஜிபியு ஒன்றுக்கு நாலரை மாட்யூல், 72-க்கு 324. மறுமுனையில், தரவை உரிய சில்லுக்குத் திருப்பிவிடும் ஸ்விட்ச் பக்கமும் அதே 324. மொத்தம் 648 மாட்யூல்கள், தலா 30 வாட். பெருக்கினால் 19,440 வாட்.

அந்த அறிமுக மேடையில் என்விடியாவின் தலைமை நிர்வாகி ஜென்சன் ஹுவாங் சொன்னதும் இதைத்தான்: ஒளியைப் பயன்படுத்தியிருந்தால் இந்த இணைப்புகளுக்கு மட்டும் 20 கிலோவாட் ஆகியிருக்கும். முழு ரேக்கும் எடுப்பது சுமார் 120 கிலோவாட். ஆகவே அவர்கள் 5,000-க்கும் மேற்பட்ட செம்புக் கேபிள்களை ரேக்கின் முதுகில் அடுக்கினார்கள். ஒளியைப் பற்றி எழுதும் நான் செம்புக்காக இவ்வளவு வாதாடுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் எங்கே ஒளி வேண்டாம் என்பது தெரியாதவருக்கு எங்கே வேண்டும் என்பதும் தெரியாது.

மூன்றாம் படி: ஒரு நல்ல வரைபடத்தைப் படித்துப் பாருங்கள்

செம்பையும் ஒளியையும் பிரிக்கும் கோட்டை எங்கே போடுவது என்பதற்கு, செயற்கை நுண்ணறிவுக்காகக் கூகுள் தானே வடிவமைத்த டிபியு வி4 சில்லுகளால் ஆன கணினியைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. மொத்தம் 4,096 சில்லுகள். அவற்றை நான்குக்கு நான்குக்கு நான்கு என்ற கனசதுரங்களாகப் பிரித்தார்கள். ஒரு கனசதுரத்துக்கு 64 சில்லுகள், ஒரு ரேக். கனசதுரத்துக்குள் இணைப்பெல்லாம் செம்பு. ஆறு முகங்களிலிருந்து வெளியே போகும் இணைப்புகள் மட்டும் ஒளி. ஒரு முகத்தில் 16 சில்லுகள், ஆகவே முகத்துக்கு 16 இணைப்பு, ஆறு முகத்துக்கு 96.

எதிரெதிர் முகங்களில் ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு இணைப்புகளும் ஒரே ஒளி ஸ்விட்சுக்குப் போகின்றன. 96-இல் பாதி 48. ஆகவே 48 ஒளி ஸ்விட்சுகள். 64 கனசதுரங்களிலிருந்து தலா இரண்டு இழைகள் வருவதால் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் 128 போர்ட்டுகள் தேவை. கூகுள் செய்துகொண்ட ஸ்விட்சில் 136 போர்ட்டுகள் இருக்கின்றன. மீதமுள்ள எட்டும் சோதனைக்கும் பழுதுபார்ப்பதற்கும் ஒதுக்கப்பட்டவை. இந்த எண்களை ஒரு தாளில் நீங்களே வரைந்து பாருங்கள். பத்து நிமிடத்தில் முழு அமைப்பும் கண்முன் வந்துவிடும்.

அந்த ஸ்விட்சுக்குள் நடப்பது இன்னும் அழகு. ஒளியைப் பிரதிபலிக்கும் நுண்ணிய கண்ணாடிகள் சாய்ந்து, வரும் ஒளிக்கற்றையை வேறு இழையின் வாய்க்குத் திருப்புகின்றன. ஒளி நடுவில் மின்சாரமாக மாறுவதே இல்லை. இரண்டு வாசல்கள் அங்கேயே மிச்சம். ஒரு கனசதுரம் பழுதானால் கண்ணாடிகள் திரும்பி அதைத் தவிர்த்து வேறொன்றைச் சேர்த்துக்கொள்ளும்; யாரும் போய்க் கேபிளைப் பிடுங்கி மாற்ற வேண்டியதில்லை. இந்த ஒளிப் பகுதி முழுவதற்குமான செலவு மொத்தத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவு, மின்சாரம் 3 சதவீதத்துக்கும் குறைவு என்று கூகுள் 2023-இல் எழுதியது.

நான்காம் படி: மாட்யூலும் இழையும்

இங்கே தேர்வுகள் நிறைய இருப்பதுபோலத் தோன்றும். நடைமுறையில் இரண்டே குடும்பங்கள்தான். மஞ்சள் உறை போட்டது ஒற்றை முறை இழை; ஒளி ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரோமீட்டர். வெளிர் நீல உறை போட்டது ஒளி பல விதங்களில் ஓடும் பல முறை இழை. நடுப்பகுதி 50 மைக்ரோமீட்டர். பல முறை இழைக்கு 850 நானோமீட்டர் மாட்யூல், 100 மீட்டருக்குள் முடியும். ஒற்றை முறைக்கு 1310 நானோமீட்டரும் அதை ஒட்டிய அலைநீளங்களும். டிஆர்4 வகை 500 மீட்டர், எஃப்ஆர்4 வகை 2 கிலோமீட்டர். ஒரு குடும்பத்து மாட்யூலை மற்றக் குடும்பத்து இழையோடு சேர்க்கக் கூடாது. புதிதாக அமைப்பவருக்கு என் பரிந்துரை ஒற்றை முறை. மாட்யூல் சற்று விலை கூடுதல், ஆனால் அடுத்த தலைமுறை வேகம் வரும்போது கேபிளைப் பிடுங்க வேண்டியிருக்காது.

பல இழைகளை ஒரே முனையில் சேர்க்கும் எம்பிஓ கனெக்டரை வாங்கும்போது மூன்று விவரங்களைக் கேட்டு வாங்குங்கள். டிஆர்4 மாட்யூல் பன்னிரண்டு இழைக் கனெக்டரில் எட்டை மட்டும் பயன்படுத்தும்: ஒரு ஓரத்தில் நான்கு அனுப்ப, மறு ஓரத்தில் நான்கு வாங்க, நடுவில் நான்கு சும்மா. ஆகவே கேபிள் ஒரு முனையின் முதல் இழையை மறுமுனையின் பன்னிரண்டாவதற்குக் கொண்டுபோக வேண்டும்; கடையில் இதற்கு டைப் பி என்று பெயர். இரண்டாவது, மாட்யூலுக்குள் ஊசிகள் இருக்கும், கேபிளில் ஊசி இருக்கக் கூடாது. மூன்றாவது, டிஆர்4-க்கு முகம் 8 டிகிரி சாய்த்துத் தேய்க்கப்பட்ட கனெக்டர் வேண்டும். தட்டையான முகம் ஒளியைத் திருப்பி லேசருக்கே அனுப்பும். மூன்றில் ஒன்று தவறினாலும் கேபிள் வீண்.

ஐந்தாம் படி: ஒளி வரவு செலவு

ஒளி அளவை டெசிபெல்லில் கணக்கிடுவார்கள். 3 டெசிபெல் இழந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். டிபிஎம் என்பது உண்மையான அளவு. பூஜ்யம் டிபிஎம் ஒரு மில்லிவாட். இந்த முறையின் வசதி, பெருக்கல் தேவையில்லை, கூட்டிக் கழித்தால் போதும்.

400 கிகாபிட் டிஆர்4-ஐ எடுத்துக்கொள்வோம். தரத்தின்படி ஒவ்வொரு தடத்திலும் அனுப்பும் பக்கம் குறைந்தது −2.9 டிபிஎம் தர வேண்டும். வாங்கும் பக்கத்துக்குக் குறைந்தது −5.9 டிபிஎம் வந்து சேர வேண்டும். இடையில் நாம் செலவழிக்கலாகும் தொகை 3 டெசிபெல். உங்கள் கேபிள் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு அரை டெசிபெல் என்று தாராளமாக எடுத்தாலும் இழையில் போவது 0.03. அதைக் கணக்கில் சேர்க்கவே தேவையில்லை. ஆனால் வழியில் இரண்டு இணைப்புப் பலகைகள், இரண்டு முனைகள் என்று நான்கு கனெக்டர்கள் வந்தால், தலா 0.5 வீதம் 2 டெசிபெல் போய்விட்டது. மிஞ்சியது ஒன்று. அந்த ஒன்றையும் ஒரே ஒரு அழுக்கான கனெக்டர் தின்றுவிடும்.

ஆகவே கேபிள் நீளத்தைக் குறைக்கப் பாடுபடாதீர்கள். கனெக்டர் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

ஆறாம் படி: பார்த்த பிறகே செருகுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

நான் வேலை பார்த்த ஒரு கூடத்தில், இரண்டு சர்வர்களுக்கு இடையே ஓர் இணைப்பு சில மணி நேரத்துக்கு ஒரு முறை அறுந்து அறுந்து ஒட்டியது. மாட்யூலை மாற்றினேன். போர்ட்டை மாற்றினேன். மென்பொருளைச் சந்தேகித்து ஒரு நாள் முழுவதும் பதிவுகளைப் புரட்டினேன். இரண்டாம் நாள் மாலை, கேபிளின் முனையை, அதைப் பெரிதாக்கித் திரையில் காட்டும் ஆய்வுக் கண்ணாடியின் கீழ் வைத்தபோது திரையில் பன்னிரண்டு வட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. பதினொன்று பளிச்சென்று இருந்தன. மூன்றாவதன் மேல் மட்டும் மழைக்காலச் சன்னலில் விரல் பட்டதுபோல ஒரு எண்ணெய்ப் படலம், அதன் நடுவில் ஒரு தூசி ஒட்டியிருந்தது. அந்தக் கேபிளைச் செருகியது நான்தான். பையிலிருந்து எடுத்த புதுக் கேபிள் என்பதால் பார்க்காமலே செருகியிருந்தேன்.

புதுக் கேபிளும் சுத்தம் என்று நினைக்கக் கூடாது. முனையை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியே தூசியை விட்டுவைக்கும். முறை இதுதான்: முதலில் ஆய்வுக் கண்ணாடியில் பாருங்கள். அழுக்கு இருந்தால், அழுத்தினால் துணி நகரும் துடைப்பானை வைத்து உலர்வாகத் துடையுங்கள். மறுபடி பாருங்கள். போகவில்லை என்றால் தூய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். மறுபடி பாருங்கள். மாட்யூலின் வாயையும் இதேபோல் பார்க்க வேண்டும். அழுக்கு முகத்தோடு சேர்ந்தால் சுத்தமான முகமும் அழுக்காகிவிடும்.

கண் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த ஒளி அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதால் இல்லை என்று பொருளல்ல. ஒளி ஓடும் இழையின் முனையை ஒருபோதும் கண்ணுக்கு நேராகப் பிடிக்காதீர்கள். இழையைக் கட்ட பிளாஸ்டிக் பட்டைகளை இறுக்க வேண்டாம், ஒட்டுத்துணிப் பட்டை போதும். வளைவு கேபிளின் விட்டத்தைப் போலப் பத்து மடங்கு ஆரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஏழாம் படி: எண்களைக் கேளுங்கள்

விளக்கு பச்சையாக எரிவது போதாது. லினக்ஸில் ஈத்டூல் கட்டளையைக் கொண்டு மாட்யூலின் உள் அளவுகளைப் படிக்கலாம்: வெப்பநிலை, லேசருக்குப் போகும் மின்னோட்டம், ஒவ்வொரு தடமும் அனுப்பும் ஒளி, வாங்கும் ஒளி. நான்கு தடங்களில் ஒன்று மட்டும் 2 டெசிபெல் குறைவு என்றால் அந்த இழையின் முகத்தில் அழுக்கு என்று முதலில் சந்தேகியுங்கள். நான்கும் சேர்ந்து குறைந்திருந்தால் கனெக்டர் முழுவதும் உட்காரவில்லை, அல்லது கேபிள் எங்கோ நசுங்கியிருக்கிறது. ஒளி மாறாமல் மின்னோட்டம் மட்டும் மாதாமாதம் ஏறினால் லேசர் மூப்படைகிறது.

பிறகு பிழை எண்ணிக்கை. இன்றைய இணைப்புகள் ஒளியை நான்கு பிரகாச நிலைகளாகப் பிரித்து, ஒரு துடிப்பில் இரண்டு பிட் அனுப்புகின்றன. நிலைகள் நெருக்கமாக இருப்பதால் பிழைகள் வந்துகொண்டே இருக்கும். பிழைதிருத்தும் குறியீடு அவற்றைச் சரிசெய்துகொண்டே இருக்கும். திருத்தத்துக்கு முன் 10,000 பிட்டில் சராசரியாக 2.4 பிழை வரை அது தாங்கும். ஆரோக்கியமான இணைப்பு இந்த எல்லையைவிடப் பல மடங்கு கீழே இருக்க வேண்டும். எல்லையை ஒட்டி ஓடும் இணைப்பு இன்று வேலை செய்யும், ஏசி ஒரு டிகிரி மாறும் நாளில் அறும்.

ஓர் இணைப்பு அறுந்தால் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்கும்போது எல்லா ஜிபியுக்களும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கின்றன. மெட்டா 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, 16,384 ஜிபியுக்களில் 54 நாள் ஓடிய பயிற்சி எதிர்பாராமல் 419 முறை நின்றது. அதில் 35 முறை காரணம் ஸ்விட்சும் கேபிளும்.

எட்டாம் படி: வாசல் சில்லுக்கு அருகே வருகிறது

இதுவரை சொன்னது இன்று கையில் கிடைக்கும் பொருள்களைப் பற்றி. இனி வரப்போவதையும் தெரிந்துகொண்டால்தான் வாங்குவதைத் தீர்மானிக்க முடியும். செருகு மாட்யூலில் மின்சாரம் வீணாவதற்கு ஒரு முக்கியக் காரணம், சில்லிலிருந்து பெட்டியின் முகப்பு வரை சிக்னல் செம்புத் தடத்தில் ஓட வேண்டியிருப்பது. வழியில் நைந்துபோகும் சிக்னலைத் தூக்கி நிறுத்தவே மாட்யூலுக்குள் ஒரு தனிச் சில்லு வேலை செய்கிறது. ஒளியாக்கும் பகுதியைச் சில்லின் அதே பொதிக்குள் கொண்டுவந்துவிட்டால் அந்தப் பாதை மில்லிமீட்டர்களாகச் சுருங்கும். 2025 மார்ச்சில் என்விடியா அறிவித்த ஸ்விட்சுகள் இந்த வகை, 1.6 டெராபிட்டுக்கு 30 வாட் எடுத்த வேலை 9 வாட்டில் முடியும் என்கிறது அந்நிறுவனம். இன்டெல் 2024-இல் ஒரு செயலியோடு சேர்த்துப் பொதிந்து காட்டிய ஒளிச் சில்லு பிட்டுக்கு 5 பிகோஜூல் எடுத்தது.

அடிப்படை சாத்தியம் இதற்கு முன்பே நிரூபணமாகிவிட்டது. 2015-இல் பெர்க்லி, எம்ஐடி, கொலராடோ ஆய்வாளர்கள் 7 கோடி டிரான்சிஸ்டர்களையும் 850 ஒளிக்கூறுகளையும் ஒரே சில்லில் செய்து, ஒளியால் நேரடியாகப் பேசும் செயலியை இயக்கிக் காட்டினார்கள்.

லேசர் மட்டும் உள்ளே வரத் தயங்குகிறது. சிலிக்கான் ஒளியைக் கடத்தும், ஆனால் ஒளியைச் சுரக்காது. அதற்கு இண்டியம் பாஸ்பைடு போன்ற வேறு பொருள் வேண்டும். தவிரவும் சூடு லேசரின் ஆயுளைக் குறைக்கும், செயலியின் அருகே சூட்டுக்குக் குறைவில்லை. ஆகவே பல வடிவமைப்புகளில் லேசரை முகப்பில் தனியாக வைத்து, அதன் ஒளியை இழை வழியாக உள்ளே கொண்டுபோகிறார்கள். கிணற்றடியில் மோட்டார், வீட்டுக்குள் குழாய் என்பதுபோல. மோட்டார் பழுதானால் வீட்டை இடிக்க வேண்டியதில்லை. வாங்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியும் இதிலிருந்தே வருகிறது: லேசரைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா?

வடிவமைப்புப் பக்கம் போக விரும்பும் மாணவர்கள் கேலேஅவுட், ஜிடிஎஸ்ஃபேக்டரி என்னும் இலவச மென்பொருள்களில் தொடங்கலாம். வளைய வடிவ ஒளிப்பாதை ஒன்றை முதலில் வரைந்து பாருங்கள். சென்னை ஐஐடியிலும் சிலிக்கான் ஒளியியல் சுற்றுகளுக்கென்று மத்திய அரசின் ஆதரவோடு ஒரு மையம் இயங்குகிறது.

முதல் வாரப் பயிற்சி

இரண்டு போர்ட்டுகள், இரண்டு மாட்யூல்கள், வீணானாலும் பரவாயில்லை என்ற ஒரு பழைய ஒற்றை முறைக் கேபிள், துடைப்பான், ஆய்வுக் கண்ணாடி. இவ்வளவு போதும். கேபிளைச் சுத்தம் செய்து செருகி, நான்கு தடங்களிலும் வாங்கும் ஒளியைக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றி மறுபடி செருகி மறுபடி குறியுங்கள்; இப்படி ஐந்து முறை. எண் எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும். பிறகு கேபிளை ஒரு பென்சிலைச் சுற்றி மெதுவாக வளைத்தபடி திரையைப் பாருங்கள். சாதாரண இழை என்றால் எண் சரசரவென்று இறங்கும், பிழைக் கணக்கு ஏறும். வளைவைத் தாங்கும் வகை என்றால் அதிகம் அசையாது. உங்கள் கேபிள் எந்த வகை என்பதும் அப்போது தெரிந்துவிடும். கையை விடுங்கள், எண் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்து அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.